உள்ளேயா, வாயிலா, வெளியேயா: பவளத் தீவில் எங்கே டைவ் செய்வது?

பவளத் தீவுக்குப் பயணம் உறுதியானவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கையில் இருப்பது ஐந்தாறு டைவ். டைவ் சென்டரின் பலகையிலோ பத்துப் பதினைந்து பெயர்கள். லகூனுக்குள் சுற்றினால் போதுமா? சுறா பார்க்கக் கடல்வாய்க்குப் போயே ஆகவேண்டுமா? வெளிப்பக்கச் சுவரில் இறங்காமல் திரும்பினால் வந்தது வீணா?

பலகையில் இருக்கும் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கு முப்பது மீட்டர் தெளிவாகத் தெரிந்த கடல்வாய், ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) திரும்பிய பிறகு கலங்கிப்போய் ஆளைக் கடலுக்குத் தள்ளும் இடமாகிவிடும். இடம் ஒன்றுதான், டைவ் வேறு. அதனால் எந்த வகை இடம், தீவின் எந்தப் பக்கம், எந்த நேரம் என்ற மூன்றையும் சேர்த்தே தேர்வு செய்யவேண்டும்.

பவளப்பாறை வளைத்துக் காக்கும் அமைதியான உள்நீர் லகூன். லகூனும் பெருங்கடலும் நீர் மாற்றிக்கொள்ளும் இடைவெளி கடல்வாய். பாறையின் வெளிமுகம் சாய்வாக இறங்கினால் வெளிச்சரிவு, செங்குத்தாக இறங்கினால் சுவர். அடியிலிருந்து தனியே எழுந்து நீர்மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிடுவது கடலடிக் குன்று. சில லகூன்களில் மூழ்கிய கப்பல்களும் உண்டு. பலகையில் உள்ள பெயர்கள் அநேகமாக இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் நீரோட்டம். நல்ல உடல்வலு உள்ளவராலும் ஒரு நாட் வேக ஓட்டத்தை எதிர்த்துச் சில நிமிடங்களுக்கு மேல் நீந்த முடியாது. ஒரு நாட் என்றால் நிமிடத்துக்கு 31 மீட்டர். நாற்பது நிமிட டைவில் அது உங்களை 1.2 கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும்; அட்டமியை ஒட்டித் தணியும். முன்பதிவு செய்யும்போது நாள்காட்டியைப் பார்க்கச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, காற்று. வெப்பமண்டலத் தீவுகளில் பெரும்பாலும் கிடைப்பது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) தொடங்கி 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் செலவழிக்க மிஞ்சுவது 1,650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு (புதியவர்கள் பலர் இதைவிடக் கூடுதலாகவே இழுப்பார்கள்) அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கீழே. டைவ் முழுவதும் அதே ஆழத்தில் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. கடைசி நெடுவரிசையில் உள்ளது நைட்ரஜன் வரம்பு, அதாவது உடலில் நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேராமல் அந்த ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம். சாதாரணக் காற்றில் அன்றைய முதல் டைவுக்கு டைவ் பயிற்சி அமைப்பான பேடியின் அட்டவணை தருவது அது.

| ஆழம் | அழுத்தம் | காற்று தாங்கும் நேரம் | நைட்ரஜன் வரம்பு |
|---|---|---|---|
| 8 மீட்டர் | 1.8 பார் | 45 நிமிடம் | 219 நிமிடம் (பேடி அட்டவணையின் 10 மீட்டர் வரிசைப்படி) |
| 12 மீட்டர் | 2.2 பார் | 37 நிமிடம் | 147 நிமிடம் |
| 18 மீட்டர் | 2.8 பார் | 29 நிமிடம் | 56 நிமிடம் |
| 25 மீட்டர் | 3.5 பார் | 23 நிமிடம் | 29 நிமிடம் |
| 30 மீட்டர் | 4.0 பார் | 20 நிமிடம் | 20 நிமிடம் |

இந்த அட்டவணையிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். 18 மீட்டரில் நைட்ரஜன் வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே காற்று தீர்ந்துவிடுகிறது. ஆகவே வேகமாக மூச்சிழுப்பவர் நைட்ராக்ஸுக்கு (ஆக்சிஜன் கூட்டி, நைட்ரஜன் குறைத்த காற்றுக்கலவை) கூடுதல் கட்டணம் கொடுத்தாலும் அந்த ஆழத்தில், முதல் டைவில், ஒரு நிமிடம்கூட அதிகம் கிடைக்காது. நிதானமாக மூச்சு விடுபவருக்கும், 25 மீட்டருக்குக் கீழே போகிறவருக்கும், ஒரே நாளில் மூன்று டைவ் செய்பவருக்கும் அது பயன்படும். 32 சதவீத நைட்ராக்ஸில் 33 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்பதையும் கவனத்தில் வைக்கவும். இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஓட்டத்தை எதிர்த்துக் காலடித்தால் மூச்சு எளிதில் இரட்டிக்கும். அப்போது 25 மீட்டரில் 23 நிமிடம் என்பது 12 நிமிடமாகச் சுருங்கும்.

மூன்றாவது தெளிவு, அதாவது நீருக்குள் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது. நான்காவது, இறங்கும் வழியும் ஏறும் வழியும்: கயிறு உண்டா, பாறையின் உச்சி எத்தனை மீட்டரில் இருக்கிறது, படகு நின்ற இடத்தில் நிற்குமா, தேடி வருமா. ஐந்தாவதுதான் மீன்கள். அவற்றைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் நான்கும் கூடிவராத நாளில் எந்த மீன் இருந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது உங்கள் காற்றுமானியைத்தான்.

| வகை | வழக்கமான ஆழம் | ஓட்டம் | தெளிவு | தேவைப்படும் பயிற்சி | டைவைக் கெடுப்பது |
|---|---|---|---|---|---|
| லகூன் உள்ளே | 3–15 மீட்டர் | குறைவு | 5–15 மீட்டர் | தொடக்கநிலை | மணல் கலங்கல், மேலே ஓடும் படகுகள் |
| கடல்வாய் | 15–30 மீட்டர் | வலு, திசை மாறும் | ஓதத்தைப் பொறுத்தது | அட்வான்ஸ்டு (தொடக்கநிலைக்கு அடுத்த பயிற்சி), ஓட்ட டைவ் பழக்கம் | தவறிய நேரம், சிதறும் குழு |
| வெளிச்சரிவு, சுவர் | 5–30 மீட்டர் | மிதம், சில சமயம் வலு | 20–40 மீட்டர் | சரிவுக்குத் தொடக்கநிலை போதும். சுவருக்கு மிதவைக் கட்டுப்பாடு (மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே மட்டத்தில் நிற்பது) | அலை, அறியாமல் இறங்கும் ஆழம் |
| கடலடிக் குன்று | 8–30 மீட்டர் | உச்சியில் வலு | நல்லது | அட்வான்ஸ்டு | குறி தவறுதல், கூட்டம் |
| மூழ்கிய கப்பல் | 12–40 மீட்டர் | பெரும்பாலும் குறைவு | மிதம் | ஆழத்தைப் பொறுத்தது. உள்ளே போகத் தனிப் பயிற்சி | வண்டல், துரு, சிக்கிக்கொள்ளுதல் |

## லகூன் உள்ளே

அனுபவம் உள்ளவர்கள் இதைக் குழந்தைகள் பகுதி என்று தள்ளிவிடுவார்கள். புதியவர்கள் எளிது என்று நம்பிப் போவார்கள். இரண்டு பேரின் கணிப்பும் பிசகும்.

மிதவைக் கட்டுப்பாடு மிகக் கடினமாவது ஆழம் குறைந்த நீரில்தான். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் பிசிடியில் (காற்று ஏற்றி இறக்கி மிதவையைச் சரிசெய்யும் அங்கி) உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரட்டிக்கும். போதாக்குறைக்கு, 1,650 லிட்டர் காற்றைச் செலவழித்த அலுமினிய சிலிண்டர் தொடக்கத்தைவிட ஏறக்குறைய 2 கிலோ இலகுவாகி மிதக்கப் பார்க்கும். டைவின் கடைசிக் கால்மணி நேரத்தில், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில், தலைகீழாக நீந்தியும் கீழே நிற்க முடியாமல் பலர் திண்டாடுவது இதனால்தான். எடையை டைவ் முடிவில் சரிபார்க்கவேண்டும்: 50 பார் மிச்சமிருக்க, பிசிடி காலியாக, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. கரையில் நின்று கேட்டு வாங்கிய எடை அநேகமாக ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகவே இருக்கும்.

காலை வேளை, காற்று எழும்புவதற்கு முன், ஓதம் ஏறி முடியும் நேரம் லகூனுக்கு உகந்தது. வெளிக்கடலின் தெளிந்த நீர் அப்போதுதான் உள்ளே நிறைந்திருக்கும். பிற்பகலில் காற்று கிளப்பும் அலை சுண்ணாம்பு மணலைத் தூக்கிவிட்டால் பத்து மீட்டர் தெளிவு நாலைந்தாகும். துடுப்பை மேலும் கீழுமாக அடிப்பவர் ஒருவர் முன்னால் போனால் அதுவும் மிஞ்சாது. தவளைபோல் காலை அகட்டி உதைக்கத் தெரிந்தவரை முன்னே விடுங்கள்.

பெரிய மீன் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மணலில் கழுத்தளவு எழுந்து ஆடும் தோட்ட விலாங்குகள், மணலுக்குள் புதைந்து கண்மட்டும் தெரியும் திருக்கை, கடற்புல் மேயும் ஆமை, தனித்தனிப் பவளத் திட்டுகளில் குஞ்சு மீன் கூட்டம், அஞ்சாலை, கல்மீன் ஆகியவை லகூனின் சரக்கு. நெருங்கி நின்று சின்ன உயிர்களைப் படம் எடுப்பவருக்கு ஒரே திட்டில் ஒரு மணி நேரம் போய்விடும். எட்டு மீட்டர் ஆழம் அதற்கு இடம் கொடுக்கும்.

முட்டை காக்கும் பெரிய கிளாத்தி மீன் ஒன்றுதான் இங்கே உண்மையான தொல்லை. கூட்டுக்கு மேலே, மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவ நீர்ப்பகுதி முழுவதையும் அது தன்னுடையதாகக் கருதும். பயந்து மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள், கடியும் விழும். துடுப்பை மீனின் பக்கம் காட்டியபடி பக்கவாட்டில் விலகவேண்டும்.

மறைமுகச் செலவு என்றால் மேலே ஓடும் படகுகள். தீவுக்குத் தீவு போகும் விரைவுப் படகுகள் லகூனைத்தான் சாலையாகப் பயன்படுத்துகின்றன. கரையிலிருந்து நடந்து இறங்கும் டைவ்களுக்கும் நீர்மேல் அடையாளம் காட்டும் மிதவை தேவை. அடிக்கடி ஏறி இறங்குவதால் காது சோர்வதும் இங்கேதான் அதிகம்.

## கடல்வாய்

ஐந்து வகைகளில் அதிகம் தருவதும் இதுதான், அதிகம் கேட்பதும் இதுதான். பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகாரவா தெற்கு வாயில் நூற்றுக்கணக்கான சாம்பல் பவளச் சுறாக்கள் கூடுவதும், ஜூன்–ஜூலை பௌர்ணமியை ஒட்டிக் களவா மீன்கள் முட்டையிடத் திரள்வதும் இந்த நீர்ப்பரிமாற்றத்தால் நடப்பவை. ஓட்டத்தை எதிர்கொண்டு அதிகம் சிரமப்படாமல் மிதக்கவும், அடித்து வரப்படும் இரையைப் பிடிக்கவும் சுறாவுக்கு ஏற்ற இடம் கடல்வாய்.

இங்கே திசைதான் எல்லாம். நீர் உள்ளே ஏறும்போது வருவது பெருங்கடலின் தெளிந்த நீர். கைதவறினாலும் அது உங்களை லகூனுக்குள், படகுகள் இருக்கும் பக்கம் சேர்க்கும். நீர் வெளியேறும்போது வருவது மணலும் மிதவை உயிரிகளும் கலந்த லகூன் நீர். அது ஆளை நீலத்துக்குள், அதாவது வெறும் பெருங்கடலுக்குள் கொண்டுபோகும். வெளியே வரும் ஓட்டமும் கடலின் அலைப்பெருக்கும் மோதும் இடத்தில் நின்ற இடத்திலேயே எழும் அலைகள் உருவாகும். பிரெஞ்சு பாலினேசியாவிலேயே உள்ள ரங்கிரோவாவின் திப்புத்தா வாயில் ஓங்கில்கள் அந்த அலைகளில் துள்ளுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். டைவருக்கு அது மேலே வர ஏற்ற இடம் அல்ல. எனவே பெரும்பாலான வழிகாட்டிகள் ஏறுநீரிலோ, நீர் நின்று திரும்பும் சிறு இடைவெளியிலோதான் இறக்குவார்கள்.

அந்த இடைவெளி ஓத அட்டவணையில் உள்ள நேரத்தில் வராது. பெரிய லகூன், குறுகிய வாய் என்றால் உள்நீர் மட்டம் மெதுவாகத்தான் ஏறும். வெளியே ஓதம் உச்சம் தொட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகும் நீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் அலை பெரிதாக இருக்கும் நாளில் கதை மாறும். பாறை விளிம்பைத் தாண்டிக் கொட்டும் அலைநீர் லகூனை நிரப்பிக்கொண்டே இருக்க, அதற்கு வெளியேற வழி கடல்வாய் மட்டுமே என்பதால், ஏறுநீர் நேரத்திலும் ஓட்டம் வெளிநோக்கியே இருக்கலாம். அட்டவணையை மட்டும் பார்த்து வந்தவர்களுக்கு இந்த நாட்கள்தான் ஏமாற்றம். படகோட்டி வாய்க்குப் போய் நீரைப் பார்த்துவிட்டு “இன்று வேண்டாம்” என்றால் அவரோடு வாதாட வேண்டாம்.

பருவமும் பக்கத்தை மாற்றும். மாலத்தீவில் வடகிழக்குப் பருவத்தில், ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, பொது ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். கிழக்கு வாய்களில் தெளிந்த நீரும் சுறாவும், மேற்கில் மிதவை உயிரிகள் கலந்த நீரும் அதைத் தின்ன வரும் மாண்டா திருக்கைகளும் என்பது அப்போதைய கணக்கு. தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே திரும்பும். மாண்டா பார்க்கவேண்டும் என்றால் தெளிவை விட்டுக்கொடுக்கவேண்டும். ஒரே டைவில் இரண்டையும் கேட்பது பேராசை. மாலத்தீவின் பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளைய வடிவப் பவளத் தீவு) உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டாக்கள் கூட்டமாக மேய்வதைக் காண சிலிண்டரே கூடாது. 2012 முதல் அங்கே ஸ்கூபாவுக்குத் தடை, ஸ்நார்கல் (மேற்பரப்பில் மிதக்க உதவும் மூச்சுக்குழாய்) மட்டும்தான்.

டைவ் நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஏற்றதா என்று நீங்களே சொல்லிவிடலாம். படகு வாய்க்கு வெளியே, ஓட்டம் வரும் பக்கமாக இறக்கும். பிசிடியில் காற்றே இல்லாமல் குதித்து, மேலே மிதந்து நிற்காமல், நேரே இருபது இருபத்தைந்து மீட்டரில் உள்ள விளிம்புக்குப் போகவேண்டும். அங்கே பாறை மறைவில் தங்கிச் சுறாக்களைப் பார்த்துவிட்டு, பிறகு கையை விட்டால் ஓட்டமே வாய் வழியாக உள்ளே இழுத்துச் சென்று ஆழம் குறைந்த லகூன் பக்கம் கொண்டுவிடும். தரையை ஒட்டிய நீர் மெதுவாக ஓடும், நடுநீர் வேகமாக ஓடும். இரண்டு மீட்டர் மேலே மிதப்பவர் குழுவை விட்டுப் பிரிவது இதனால்தான்.

கெடும் இடமும் முதல் நிமிடம்தான். நான்கு மீட்டரில் ஒருவருக்குக் காது திறக்கவில்லை (காதின் அழுத்தம் சமமாகவில்லை), மற்றவர்கள் பதினைந்துக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். இரண்டு நாட் ஓட்டத்தில் ஒரே நிமிடத்தில் 60 மீட்டர் விலகிவிடுவார். தேடிப் பிடிப்பது நடக்காது. மெதுவாகக் காது திறக்கும் பழக்கம் உள்ளவர், சளி பிடித்திருப்பவர் இந்த டைவைத் தவிர்த்துவிடுவது அவருக்கும் நல்லது, குழுவுக்கும் நல்லது.

பசிபிக் தீவுநாடான பலாவின் புளூ கார்னர் போன்ற இடங்களில் கொக்கி பயன்படுத்துவார்கள். ஒன்றரை இரண்டு மீட்டர் கயிறு, ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் ஒரே இழுப்பில் விடுபடும் கொளுவி. கொக்கியைச் செத்த பாறையில் மட்டும் மாட்டவேண்டும். மாட்டியபின் பிசிடியில் சற்றுக் காற்று விட்டால் பட்டம் மாதிரி பாறைக்கு மேலே நிற்கலாம். கழற்றுவதற்கு முன் அந்தக் காற்றை வெளியேற்ற மறந்தால், கொக்கி விடுபட்ட கணமே மேலே போக ஆரம்பிப்பீர்கள். ஓட்டத்தில் பக்கவாட்டில் முகம் திருப்பினால் மாஸ்க் கழன்றுவிடும், வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரின் அழுத்துபொத்தானை நீர் அமுக்கிக் காற்று கொட்டும். முகத்தை ஓட்டத்துக்கு நேராக வைத்திருங்கள்.

இதன் மறைமுகச் செலவு பணத்தைவிட நேரம். ஓதம் சொல்லும் நேரம் காலை ஆறாக இருக்கலாம், மாலை நாலாக இருக்கலாம். அதைச் சுற்றி அன்றைய மற்ற டைவ் கலையும். மேலே வரும் இடத்தைப் படகுக்குக் காட்ட ஆளுக்கொரு மிதவைக் குழாயும் சுருள்கயிறும் கட்டாயம். அலைகளுக்கிடையே தலை மட்டும் தெரியும் ஆளைச் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் படகோட்டியால் பார்க்க முடியாது. இரவல் மிதவையை முதல் தடவையாகக் கடல்வாயில் விரித்துப் பழகக் கூடாது. அந்தப் பயிற்சிக்குத்தான் லகூன்.

## வெளிச்சரிவும் சுவரும்

யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரே ஒரு டைவ் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால், காற்று மறைவான பக்கத்து வெளிச்சரிவைச் சொல்லலாம். 20 மீட்டரில் தொடங்கி, 12 வழியாக ஏறி, கடைசிக் கால்மணி நேரத்தை 5 மீட்டர் பவள உச்சியில் கழிக்க இடம் கொடுப்பது சரிவுதான். காற்றும் மிச்சமாகும், நைட்ரஜனும் கழியும், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் செய்யவேண்டிய மூன்று நிமிட நிறுத்தமும் வெறும் நீரில் தொங்காமல் கிளிமீன்களுக்கு நடுவே முடியும். வண்ணமும் அங்கேதான் இருக்கிறது. சிவப்பு நிறம் நீரின் முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடுவதால், 25 மீட்டர்க் கடல் விசிறி விளக்கு இல்லாத கண்ணுக்குப் பழுப்பு.

சுவர் பார்க்கப் பிரமிப்பு. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி, உச்சி எத்தனை மீட்டரில் என்பது. ஐந்து மீட்டரில் உச்சி உள்ள சுவர் எல்லோருக்கும் ஆகும். பன்னிரண்டு பதினைந்து மீட்டரில் உச்சி முடிந்துவிடும் சுவரில் மேலே ஏறும்போது பிடிக்கவோ பார்க்கவோ எதுவும் இருக்காது. மிதவைக் கட்டுப்பாடு சரியில்லாதவர் நிறுத்தத்தைத் தவறவிடுவது அங்கேதான். தெளிந்த நீர் ஆழத்தை மறைக்கும். கீழே எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தால் 33 மீட்டர் காட்டும். 18 மீட்டர் வரை மட்டுமே பயிற்சி பெற்றவர் சுவரில் அந்த எல்லையைத் தாண்டுவது பெரும்பாலும் துணிச்சலால் நிகழ்வதில்லை, கவனம் தவறுவதால் நிகழ்கிறது.

சுவரின் மூலைகளிலும், வாயை ஒட்டிய முனைகளிலும் கீழ்நோக்கி இழுக்கும் ஓட்டம் வரலாம். குமிழிகள் ஏறாமல் பக்கத்தில் சுழல்வதும், மீன்கள் எல்லாம் மேல்நோக்கித் தலைவைத்து நீந்துவதும் அறிகுறிகள். நேர் மேலே உதைத்துப் போராடினால் காற்றுதான் போகும். சுவரைப் பிடித்தபடி சாய்வாக ஏறலாம், அல்லது சுவரை விட்டு வெளிப்பக்கம் நீந்தி ஓட்டத்தின் பிடியிலிருந்து விலகலாம். பிசிடியில் காற்று ஏற்றியிருந்தால் இழுப்பு நின்றதும் உடனே அதை வெளியேற்றத் தயாராக இருக்கவேண்டும்.

பக்கத் தேர்வில் பருவக்காற்றையும் வெயிலையும் பாருங்கள். கிழக்கு முகத்துக்குக் காலை வெயில், மேற்கு முகத்துக்குப் பிற்பகல் வெயில். லட்சத்தீவில் லகூன்கள் பெரும்பாலும் தீவின் மேற்கே விரிந்திருக்க, கிழக்கே கரைக்கு அருகிலேயே சரிவு இறங்கிவிடும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கு வெளிமுகம் அலைக்கு நேர் எதிரே நிற்கும்.

வெளிப்பக்கத்தின் செலவு படகில் தெரியும். வாந்திக்கு மாத்திரை போடுபவர்கள் கிளம்புவதற்கு முன்பே போடவேண்டும், அதுவும் தூக்கம் வரவழைக்குமா என்று கரையில் சோதித்த மாத்திரையாக இருக்கவேண்டும். அலையில் ஆடும் ஏணியில் ஏறுபவருக்கு நேர் கீழே காத்திருக்காதீர்கள். அவர் விழுந்தால் சிலிண்டரோடு உங்கள் தலைமேல்தான்.

## கடலடிக் குன்று

மாலத்தீவில் திலா என்பார்கள். அரி அட்டோலின் மாயா திலாவின் உச்சி ஏறத்தாழ 6 மீட்டரில் இருக்கும். இரவில் வேட்டைக்கு வரும் வெண்முனைச் சுறாக்களுக்குப் பேர்போனது. ஓட்டம் குன்றின் மேல் மோதி இரண்டாகப் பிரியும் முனையில் பாரையும் சூரையும் நிற்கும். மறைவுப் பக்கம் அமைதி. டைவ் என்பது பிரியும் முனையில் முதல் பாதி, மறைவில் மறுபாதி என்று பிரித்துக்கொள்வதுதான்.

சிக்கல் என்னவென்றால் குறி சின்னது. ஓட்டம் வரும் பக்கம் சரியான தூரத்தில் இறங்காவிட்டால் குன்று பக்கவாட்டில் நழுவிப்போகும். நீலத்தில் திரும்பி நீந்திப் பிடிக்க முடியாது, மேலே வந்து மறுபடி இறங்குவதுதான் வழி. பெயர்பெற்ற குன்றில் மூன்று படகுகள் ஒரே நேரத்தில் இறக்கினால் கூட்டமும் தாங்காது. அதிகாலை முதல் படகு கிடைத்தால் போகலாம். பத்து மணிப் படகு என்றால் அதே காசுக்கு வெளிச்சரிவு மேல்.

## மூழ்கிய கப்பல்

1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் தாக்கியதில் பசிபிக்கின் மைக்ரோனேசியாவில் உள்ள சூக் லகூனில் டஜன் கணக்கில் ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கின. லகூன் என்பதால் அலை இல்லை, ஓட்டம் குறைவு. எண்பதாண்டு வளர்ந்த பவளம் கப்பல்மேல். ஃபுஜிகாவா மாரு என்ற கப்பலின் மேல்தளம் 18 மீட்டர் அளவில் கிடைப்பதால் ஓரளவு அனுபவம் உள்ளவரும் பார்க்கலாம், அறைக்குள் போர்விமான உடல்கள் கிடக்கின்றன. அதே லகூனில் சான் பிரான்சிஸ்கோ மாரு பொழுதுபோக்கு டைவின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. “லகூன் டைவ்தானே” என்று ஆழத்தை விசாரிக்காமல் பதிவு செய்யக் கூடாது.

உள்ளே நுழையப் பயிற்சி, வழிகாட்டும் கயிறு, இரண்டு விளக்கு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு அவசரத்துக்கு என்ற கணக்கு, எல்லாம் வேண்டும். துடுப்பின் ஒரே வீச்சில் வண்டல் எழும்பி வந்த வழி மறைந்துவிடும். எஃகு உடலுக்கு அருகே திசைகாட்டியும் பொய் சொல்லும். கப்பலில் ஆர்வமில்லாதவர் இதற்காகத் தனியே மெனக்கெட வேண்டியதில்லை.

பேர்பெற்ற நீலக்குழிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மத்திய அமெரிக்க நாடான பெலீசின் பெரிய நீலக்குழி 120 மீட்டருக்கு மேல் ஆழம். பார்க்கவேண்டிய சுண்ணாம்புத் தொங்கல்கள் 40 மீட்டர் அளவில். பேடி அட்டவணைப்படி அங்கே சாதாரணக் காற்றில் கிடைப்பது 9 நிமிடம். நீண்ட படகுப் பயணத்துக்குப் பின் அந்தச் சில நிமிடங்கள் போதுமா என்பது உங்கள் முடிவு. உயிர்களைப் பார்க்க வந்தவருக்கு அதே பாறைத்தொடரின் சுவர்கள் பல மடங்கு மேல்.

## ஆறு டைவை எப்படிப் பிரிப்பது

முதல் நாள் காலை லகூன், எடையும் மிதவையும் சரிபார்க்க. கடைசி டைவ் முடிந்து ஓராண்டு ஆகிவிட்டவர் இதைத் தாண்டக் கூடாது. அன்று பிற்பகல் மறைவுப் பக்கத்து வெளிச்சரிவு. இரண்டாம் நாளில் ஓதம் எந்த நேரத்தைச் சொல்கிறதோ அந்த நேரம் கடல்வாய்க்கு. மற்றது அதைச் சுற்றி அமையட்டும். ஓதம் காலையில் அமைந்தால் ஆழமானதை முதலில் முடித்துவிடும் வசதியும் சேரும். மூன்றாம் நாள் குன்றோ கப்பலோ, பிறகு மறுபடி சரிவு. இருபது டைவ்கூட ஆகாதவருக்கு இரண்டாம் நாளும் சரிவே நல்லது. தம்பதியில் ஒருவர் தேர்ந்தவர், மற்றவர் புதியவர் என்றால் புதியவருக்கு ஏற்ற இடத்துக்குத்தான் இருவரும் போகவேண்டும். கடல்வாயில் இணையைப் பிரித்து வேறு குழுவில் விடுவது ஏற்பாடே அல்ல.

டைவ் சென்டரில் “என்ன மீன் வரும்?” என்று தொடங்காதீர்கள். நாளை அந்த நேரத்தில் நீர் உள்ளே ஓடுமா வெளியே ஓடுமா, பாறை உச்சி எத்தனை மீட்டர், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நிலைமை கெட்டால் மாற்றிடம் எது, படகில் ஆக்சிஜன் உண்டா என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வராத இடத்தில் கடல்வாய் டைவ் வேண்டாம். லகூனும் சரிவும் அங்கேயே செய்துகொள்ளலாம்.

விமானத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடவேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டானின் பரிந்துரை. ஒரே ஒரு டைவ் என்றால் 12. தீவிலிருந்து கிளம்பும் சிறு விமானமும் இதில் அடக்கம். காலை விமானம் என்றால் முந்தைய நாள் மதியத்துக்குள் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, மீதிப் பொழுதுக்கு லகூனில் மாஸ்க்கும் ஸ்நார்கலுமாக மேற்பரப்பில் மிதக்கலாம். மூச்சடக்கி ஆழம் போவதை மட்டும் அன்று விட்டுவிடுங்கள்.